என்ஜினை அணைக்கும் அதிகாரம்

செவ்வாய்க்கிழமை காலை வந்து நின்ற என்ஜின் அடுத்த செவ்வாயும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நின்றதில் டெல்ஃபினா கிரோஸுக்குப் புகார் எதுவும் இல்லை. லோமா பார்தா என்ற ஊரில், அகாசியா தெருவின் தெற்கு வரிசை வீடுகளுக்கெல்லாம் கொல்லைப்புறம் என்பதே ரயில் யார்டுதான். இருபத்தாறு வருடமாக அங்கே என்ஜின்கள் வரும், நிற்கும், போகும். இது போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை, அணையவுமில்லை. ஓட்டி வந்தவர் இறங்கிப் போய்விட்டார். என்ஜின் மட்டும் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு, வேலிக்கு மேலாகச் சாம்பல் நிறப் புகையை அவள் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

டெல்ஃபினா தன் வீட்டு கார் ஷெட்டில் தையல் மெஷின் போட்டு, பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கான கவுன்கள் தைத்துக் கொடுப்பவள். வெள்ளை சாட்டினில் கரிப் புள்ளி விழுந்தால் துடைக்கக் கூடாது, ஊதத்தான் வேண்டும். ஒரு வாரமாக அவள் தைத்ததைவிட ஊதியதே அதிகம். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கணவன் எவரிஸ்தோவால்தான் ஊத முடியாது. மூச்சை இழுக்கவே முடியவில்லை. இருபது வருடம் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கிய நுரையீரல். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஹாலில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். ஆகஸ்ட் மாதம், நூற்றெட்டு டிகிரி வெயில். வீட்டில் இருந்த ஏர் கூலரோ வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற வகை. போட்டால் புகை, நிறுத்தினால் புழுக்கம். டெல்ஃபினா பத்து நிமிடத்துக்கொரு தடவை போட்டுப் போட்டு நிறுத்தினாள்.

முதலில் நகராட்சிக்கு போன் செய்தாள். ரோசால்பா என்ற பெண் எடுத்தாள். வயதில் பெரிய பெண்களை அந்த ஊரில் மரியாதையாகத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ஜினா? ஐயோ தோன்யா, அது எங்க கையில இல்லீங்களே. தண்டவாளத்துலயா நிக்குது?"

"பின்ன ரோட்டுலயா நிக்கும்?"

"ரோட்டுல நின்னா சொல்லுங்க, அடுத்த நிமிஷமே அபராதச் சீட்டு ஒட்டிடுவோம். தண்டவாளம்னா அது வேற சமாச்சாரம். மாநிலத்துக்குச் சொல்லிப் பாருங்க. இல்லேன்னா வாஷிங்டனுக்கு."

"வாஷிங்டன் எங்கயோ இருக்கு. நீங்க ரெண்டு தெரு தள்ளி இருக்கீங்க. ஜன்னலைத் தொறந்தா உங்களுக்கே கேக்கும்."

"கேக்குது தோன்யா. அதான் ஜன்னலை மூடி வெச்சிருக்கோம்."

டெல்ஃபினா ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து வேலிக்கு மேல் கட்டினாள். இரண்டே நாளில் நகராட்சியிலிருந்து ஆள் வந்தான். அவன் என்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. குடியிருப்புப் பகுதியில் வேலி ஆறடியைத் தாண்டக் கூடாது என்றும், தார்ப்பாயும் சேர்த்தால் ஏழடி நாலங்குலம் வருகிறது என்றும் நோட்டீஸ் கொடுத்தான். இருமிக்கொண்டேதான் கொடுத்தான்.

அதற்கடுத்த வாரம் மாநில வளிமண்டல வாரியத்திலிருந்து பெல்க்நாப் என்ற அதிகாரி வந்தார். சத்தமே போடாத மின்சாரக் காரில் வந்து இறங்கியதால் டெல்ஃபினா கவனிக்கவில்லை. கவனித்தபோது அவர் கொல்லையில் நின்று, நீண்ட குழாய் ஒன்றை வேலிக்கு மேல் நீட்டிப் புகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் நிறைய சந்தோஷம்.

"அற்புதம்மா. அற்புதமான அளவு. எங்க விதி எவ்வளவு அவசியம்னு இது ஒண்ணே போதும்."

"என்ன விதி சார்?"

"தெரியாதா? உலகத்துலயே கடுமையான ரயில் புகை விதி நம்ம மாநிலத்துதாம்மா. முப்பது நிமிஷத்துக்கு மேல எந்த என்ஜினும் சும்மா நின்னு உறுமக் கூடாது. ஒன்பது வருஷம் உழைச்சு எழுதினோம். ரெண்டு விருது வாங்கியிருக்கு."

டெல்ஃபினாவுக்கு உயிர் வந்தது. "அப்ப அணைக்கச் சொல்லுங்க சார். உள்ள என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவிக்கிறாரு."

"அது முடியாதும்மா. விதி அமல்ல இல்ல. வாஷிங்டன் அனுமதி கொடுக்கணும்."

"கேட்டிருக்கீங்களா?"

"கேட்டோம். அப்புறம் மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டோம். அவங்க மறுத்துடுவாங்கன்னு தகவல் வந்துது. மறுத்துட்டா விதிக்கு அவமானம் இல்லையா? இப்ப பாருங்க, யாரும் மறுக்கல. விதி கௌரவமா இருக்கு."

டெல்ஃபினா புகையைப் பார்த்தாள். அது வேலியைத் தாண்டி, தார்ப்பாய் இருந்த இடத்தைத் தாண்டி, கூலர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் புகை யாருது சார்?"

பெல்க்நாப் இந்தக் கேள்விக்குத்தான் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "வேலி வரைக்கும் மத்திய அரசுது. வேலியைத் தாண்டிட்டா மாநிலத்துது. இதுல சந்தேகமே கிடையாது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போவோம்."

"அப்ப இந்தப் பக்கம் வந்தது உங்களுது. எடுத்துட்டுப் போயிடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போகும் வழியில் கார் ஷெட்டில் எட்டிப் பார்த்து, அவளுடைய இஸ்திரிப் பெட்டியில் நீராவி வருவதைக் கவனித்தார். "இந்தப் புகை எதுல பதிவாயிருக்கு?"

"அது தண்ணி சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்று பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதாக அந்த வட்டாரத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே புகை அதுதான்.

நான்கு நாள் கழித்து மத்திய அரசின் இருப்புப்பாதை ஆணையத்திலிருந்து திருமதி ஹட்ச்கின்ஸ் வந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறாரே என்று டெல்ஃபினா அவருக்கு நாற்காலி போட்டு, செம்பருத்திச் சாறு கொடுத்தாள். அவர் புகைக்காக வரவில்லை என்பது சாறு பாதி தீர்ந்த பிறகுதான் தெரிந்தது.

"மாநிலக்காரர் ஒருத்தர் வேலிக்கு மேல ஒரு குழாயை நீட்டினாராமே? எவ்வளவு தூரம் நீட்டினார்?"

டெல்ஃபினா இரண்டு கையையும் சற்றே விரித்துக் காட்டினாள். ஹட்ச்கின்ஸ் டேப் எடுத்து அந்தக் கைகளுக்கு நடுவே அளந்து குறித்துக்கொண்டார். "பதினோரு அங்குலம்," என்றார் தாழ்ந்த குரலில், துக்க வீட்டில் பேசுவதுபோல. "மத்திய அரசு வான்வெளியில பதினோரு அங்குலம்."

"மேடம், அந்த என்ஜினை—"

"புரியுதும்மா. ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. மாநிலத்துக்கு ஒரு புகை விதி வெச்சா, ரயில் ஒவ்வொரு எல்லையிலயும் நின்னு என்ஜினை மாத்திட்டுப் போகணும். நாடு துண்டு துண்டாயிடும். எங்க கொள்கை ஒண்ணுதான். ஒரே நாடு, ஒரே புகை."

"சரி மேடம். நாட்டுக்கெல்லாம் சேர்த்து நீங்களே அணைக்கச் சொல்லுங்களேன்."

"எங்க விதியும் அதைத்தான் சொல்லுது. அவசியமில்லாம என்ஜின் ஓடக் கூடாது. அவசியமா இல்லையாங்கறதை ரயில் நிறுவனம் முடிவு பண்ணும்."

"அவங்க என்ன முடிவு பண்ணியிருக்காங்க?"

"அவசியம்னு. அணைச்சா திரும்பக் கிளப்பணும் இல்லையா?"

உள்ளேயிருந்து எவரிஸ்தோ, மூச்சுக்கு நடுநடுவே, "அது ரொம்பப் பழைய என்ஜின் மேடம்," என்றான். "எழுபத்தொம்பதாம் வருஷத்துப் பலகை அதுலயே அடிச்சிருக்கு. அதான் இப்படிக் கக்குது."

"அப்படிச் சொல்லக் கூடாது," என்று ஹட்ச்கின்ஸ் திடுக்கிட்டார். "சட்டப்படி அது புது என்ஜின். நடுவுல உள்பாகமெல்லாம் மாத்தியிருக்காங்க. மாத்தினா அன்னிக்குப் பொறந்ததா அர்த்தம். புது என்ஜின்மேல மாநிலம் கையே வைக்க முடியாது."

"பழசானா?" என்றாள் டெல்ஃபினா.

"பழசானா அவங்களுக்குக் கொஞ்சம் உரிமை வந்துடும். அதனாலதான் நாங்க எதையும் பழசாக விடறதில்ல."

எவரிஸ்தோ இதை யோசித்துப் பார்த்தான். "போன வருஷம் எனக்கு இடுப்புல புது மூட்டு வெச்சாங்க. அப்ப நானும் புது மாப்பிள்ளைதானா?"

"கனவு காணாத கிழவா," என்றாள் டெல்ஃபினா. ஹட்ச்கின்ஸ் இதையும் குறித்துக்கொண்டார்.

குழாய் விவகாரம் பெரிதாகிவிட்டது. பதினோரு அங்குலத்துக்கு மத்திய அரசு விளக்கம் கேட்டது. விளக்கம் கேட்பதற்கே அதிகாரம் இல்லை என்று மாநிலம் பதில் எழுதியது. கடைசியில் மக்கள் கருத்தைக் கேட்பது என்று முடிவாகி, பள்ளிக்கூட விளையாட்டரங்கில் ஒரு மாலைக் கூட்டம் போட்டார்கள். அகாசியா தெருவே திரண்டு வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தது. முதல் முக்கால் மணி நேரம், கூட்டத்துக்கு யார் தலைமை என்பதில் போனது. பிறகு இரண்டு தலைமை, இரண்டு மைக் என்று சமரசம் ஆயிற்று. ஒரு மைக்குக்கு வயர் எட்டவில்லை.

ரயில் நிறுவனத்தின் சார்பில் ஸ்ட்ரிக்லண்ட் என்பவர் பேசினார். நல்ல கோட்டு, நல்ல குரல்.

"எங்களுக்கும் குடும்பம் இருக்கு, நாங்களும் காத்தைத்தான் சுவாசிக்கிறோம். வேற ஊர்ல சுவாசிக்கிறோம், அவ்வளவுதான். எங்களோட ஒரே பிரச்சனை, யார் பேச்சைக் கேக்கறதுன்னு தெரியல. ரெண்டு அரசும் ஒத்த குரல்ல சொல்லட்டும், அந்த நொடியே என்ஜினை அணைக்கிறோம். அவங்க ஒத்த குரல்ல சொல்லக் கூடாதுன்னு நாங்கதான் வழக்குப் போட்டிருக்கோம், உண்மை. ஆனா அது எங்க பங்குதாரர்களுக்கு நாங்க செய்ய வேண்டிய கடமை."

சிலர் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று பிறகு அவர்களுக்கே தெரியவில்லை.

பொதுமக்களுக்குத் தலைக்கு இரண்டு நிமிடம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். டெல்ஃபினா எழுந்தபோது அரங்கின் சுவர் வழியாக என்ஜினின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்த பேச்சு அத்தனையும் மறந்துபோய், அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அதை அணைக்க யாரால முடியும்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க. அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன்."

பெல்க்நாப்பும் ஹட்ச்கின்ஸும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். "மாநிலத்தின் நிலைப்பாடு என்னன்னா—" "மத்திய அரசின் நிலைப்பாட்டுக்குக் குந்தகம் இல்லாம—" இருவரும் "நீங்க முதல்ல" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்க நேரம் முடிஞ்சுதும்மா," என்றார் பெல்க்நாப். இதில் மட்டும் இரண்டு அரசுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு எவரிஸ்தோவின் உதடு நீலமாகிவிட்டது. டெல்ஃபினா தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. மூச்சு எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருத்தி, "வீட்டுல என்ன எரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். பையில் இரண்டு பனியனையும் ஒரு சட்டையையும் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். பிறகு பையோடு தெருவைச் சுற்றிக்கொண்டு யார்டின் வாசலுக்கு நடந்தாள். யாராவது ஒரு மனிதனைக் கண்டுபிடித்துக் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்பதுதான் அவள் எண்ணம். கேட் திறந்தே கிடந்தது. ஆள் யாரும் இல்லை. வெயிலில் தண்டவாளங்கள் மட்டும் மின்னின. அவள் ஜல்லிக்கல்லில் தடுக்கித் தடுக்கி என்ஜின் பக்கத்தில் போய் நின்றாள். கிட்டத்தில் பார்க்க அது அவளுடைய வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. எரிபொருள் தொட்டிக்கு மேலே, அவள் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில்: அவசர காலத்தில் எரிபொருளை நிறுத்த அழுத்தவும்.

டெல்ஃபினா அதை இரண்டு தடவை படித்தாள். இது அவசர காலம்தானா என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அழுத்தினாள்.

என்ஜின் இருமியது. இரண்டு மூன்று தடவை குலுங்கியது. கறுப்பாக ஒரு பந்து புகையை மேலே துப்பிவிட்டு நின்றுபோனது. அகாசியா தெருவில் எங்கோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது இத்தனை நாளும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். டெல்ஃபினா அங்கேயே ஜல்லியில் உட்கார்ந்தாள்.

இத்தனை நாளாக ஓர் அதிகாரிக்காகத் தவம் கிடந்தவளைத் தேடி நாற்பதே நிமிடத்தில் ஏழு வண்டிகள் வந்தன. நகராட்சி, நகரப் போலீஸ், ரயில் நிறுவனத்தின் சொந்தப் போலீஸ், மாநில வாரியம், மத்திய ஆணையம், எல்லோரும் வந்துவிட்டார்கள். தண்டவாளத்தின்மேல் தங்களுக்கு அதிகாரமே இல்லை என்று ஒரு மாதமாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் தண்டவாளத்தின்மேல் நின்றார்கள்.

"பொத்தான் மத்திய அரசு விதிப்படி வெச்சது. அதைத் தொட்டா எங்க வழக்கு," என்றார் ஹட்ச்கின்ஸ்.

"தொட்ட கை மாநிலத்தோட கை. அதுமட்டுமில்ல, அணையும்போது ஒரு பந்து கரும்புகை வந்திருக்கு. வரம்புக்கு நாலு மடங்கு. கடைசியா எங்களுக்கு ஒரு காரணகர்த்தா கிடைச்சிருக்காங்க," என்றார் பெல்க்நாப். அவர் குரல் தழுதழுத்தது.

நகராட்சிக்காரன் தார்ப்பாய் நோட்டீஸை நினைவூட்டினான். அந்தம்மாவை யார் வண்டியில் ஏற்றுவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. டெல்ஃபினா நடுவில் நின்று, "ஐயா, ஆஸ்பத்திரிக்குச் சட்டை கொண்டுபோகணும். யாராவது ஒருத்தர் சீக்கிரம் கைது பண்ணுங்க," என்றாள். கடைசியில் நகரப் போலீஸ்காரர் ஒருவர், யாருக்காக என்று குறிப்பிடாமல் அவளைக் கைது செய்து, போகிற வழியில் மருத்துவமனையில் சட்டையைக் கொடுக்கவும் விட்டார்.

அன்று மாலையே ஜாமீனில் வந்தாள். வழக்கு யாருடையது என்பது தீர்மானமாகும்வரை சாட்சியப் பொருளை எவரும் தொடக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. சாட்சியப் பொருள் என்ஜின். அதைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, கதவுகளுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஸ்ட்ரிக்லண்ட் வந்து, "பேட்டரி செத்துடும், கிளப்பியாவது வைக்கணும்," என்று கெஞ்சினார். "யாரைக் கேட்டுக் கிளப்புவீங்க?" என்றார்கள் இரண்டு தரப்பும். என்ஜின் அந்தத் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நின்றதால் வேறு எந்த என்ஜினும் டெல்ஃபினாவின் வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் எவரிஸ்தோ வீடு திரும்பினான். ஆக்சிஜன் குழாய் போகவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜைவரைக்கும் நடந்தான். அக்டோபரில் வாசல்வரைக்கும். டெல்ஃபினாவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் மரிசெலா என்ற சின்னப் பெண், வாய்தாவுக்கு வாய்தா போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் தோற்றவள் முகத்தோடு வந்து, "தள்ளிப் போட்டுட்டாங்க தோன்யா," என்பாள். டெல்ஃபினா அவளுக்குச் சூடாகச் சோளமாவுத் தமாலே அவித்துக் கொடுப்பாள்.

பிப்ரவரியில் மரிசெலா போனில் கத்தினாள். "தோன்யா, ஜெயிச்சுட்டோம்! ரெண்டு அரசும் பேசி ஒரு முடிவுக்கு வந்துடுச்சு. சரித்திரத்துலயே முதல் தடவையாம். நல்லிணக்கத்தின் அடையாளமா உங்கமேல இருக்கற வழக்கை வாபஸ் வாங்கறாங்க."

டெல்ஃபினா ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தாள். "வழக்கு போச்சுன்னா என்ஜின்?"

"அதை ரயில்காரங்கிட்டத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அன்னிக்கே கிளப்பிடுவாங்களாம்."

"வேண்டாம்னு சொல்லு."

"என்ன வேண்டாம்?"

"மன்னிப்பு."

நீதிமன்றத்தில் பெல்க்நாப்பும் ஹட்ச்கின்ஸும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கைகுலுக்கும் புகைப்படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"போக மாட்டேன் சார். நான்தான் அழுத்தினேன். தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

"அதான் மன்னிச்சுட்டாங்களே."

"யாரு சார் மன்னிச்சது? நான் செஞ்ச குத்தம் மாநிலத்துக்கா, வாஷிங்டனுக்கா? அதை யாருமே இன்னும் சொல்லல. என் வழக்கு யாருதுன்னே தெரியாம யாரு வாபஸ் வாங்கறது?"

மரிசெலா தலையில் கை வைத்துக்கொண்டாள். நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெல்க்நாப்பைப் பார்த்தார். பெல்க்நாப் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இது மாநிலத்தோட வழக்குங்கறதுல சந்தேகமே இல்ல. மன்னிச்சது நாங்கதான்."

ஹட்ச்கின்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா? பொத்தான் யாருது? மன்னிக்கிற அதிகாரம் எங்களுது. நீங்க உடன் இருந்தீங்க, அவ்வளவுதான்."

"உடன் இருந்தோமா? பதினோரு அங்குலத்தை நாங்க பெருந்தன்மையா விட்டுக்கொடுத்ததே—"

"விட்டுக்கொடுக்க அது உங்களுதா?"

நீதிபதி மேஜையைத் தட்டினார். இந்த அம்மாளை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி இப்போது எழுந்துவிட்டதாகவும், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்பதையும் முதலில் பார்க்க வேண்டியிருப்பதாகவும் சொல்லி, வழக்கை ஜூன் மாதத்துக்கு ஒத்திவைத்தார். முத்திரை அப்படியே இருக்கட்டும் என்றார். இரண்டு அதிகாரிகளும் அன்று காலையைவிடச் சந்தோஷமாக வெளியே போனார்கள்.

டெல்ஃபினா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது எவரிஸ்தோ பீன்ஸ் சூப்பைத் தானே சுட வைத்து எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஆச்சு? ஜெயிலா?"

"இல்ல. வெளியவும் விடல."

"எதுவரைக்கும்?"

"ஜூன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினான். "நாலு மாசம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நாலு மாசம்ங்கறது பெரிய காலம் கிழவி."

"சூப்பு ஆறுது, குடி."

"பக்கத்து வீட்டுல ஆரஞ்சு பூத்திருக்கு போல," என்றான் எவரிஸ்தோ. "அந்தப் பக்கத்து ஜன்னலையும் தொற."